அடகுக் கடையில் பழைய தங்கக் காசு: விலை பேசுவது எப்படி?

வணக்கம் மக்களே! காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு வீடு, தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் எதுவும் காட்டப் போவதில்லை. கணக்குப் போடப் போகிறோம். நம் பக்கத்து அடகுக் கடைகளில் பழைய தங்கக் காசு அவ்வப்போது விலைக்கு வரும். அதை வாங்கலாமா, வாங்கினால் எந்த விலை நியாயம், எப்படிப் பேசுவது, இதுதான் விஷயம்.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். இது பிரிட்டிஷ் சவரன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. திருப்பினால் குதிரை மேல் ஒரு வீரர், காலடியில் டிராகன். இந்தக் குதிரைப் படம் 1817-இல் இருந்து வருகிறது. கீழே ஆண்டு 1918 என்று இருக்கிறதா? அந்த எண்ணுக்கு மேலே, தரைக்கோட்டில், கடுகு மாதிரி ஒரு எழுத்து தெரியும். ஆங்கில 'ஐ'. பம்பாயில் அடித்த காசு என்பதற்கு அதுதான் அடையாளம். 1918-இல் மட்டும்தான் அங்கே சவரன் அடித்தார்கள். 1899-இல் இந்தச் சவரனை இந்தியாவில் 15 ரூபாய்க்குச் செல்லும் பணமாகச் சட்டம் போட்டு அறிவித்தார்கள். இன்று 15 ரூபாய்க்கு பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வரும், அவ்வளவுதான்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன தலைமுறை சேர்த்த காசு இப்படி வீட்டுக்கு வீடு கொஞ்சம் இருந்தது. பங்கு பிரியும்போது சிதறும், கல்யாணச் செலவுக்கு அடகுக்குப் போகும், சிலது மூழ்கியும் போகும்.

மூழ்கிப் போனது என்றதும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும். விலையை விட இதுதான் முக்கியம். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, "இது அடகுக்கு வந்தது, மீட்கவே இல்லை, நீங்க எடுத்துக்குங்க" என்றால் உடனே கையை நீட்டாதீர்கள். அடகுக் கடைக்கு 1943-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. தாசில்தார் உரிமம் வேண்டும், அடகுச் சீட்டு தர வேண்டும். மீட்காத பொருளை உள்ளுக்குள்ளேயே கைமாற்றி விற்கக் கூடாது, பொது ஏலத்தில்தான் விட வேண்டும். பேப்பரில் சீட்டு நம்பரோடு பத்தி பத்தியாக நகை ஏல அறிவிப்பு வருகிறதே, அது இதற்காகத்தான்.

அப்படியென்றால் கடையில் இருக்கும் காசு நியாயமாக இரண்டு வழியில்தான் அவர் கைக்கு வந்திருக்க முடியும். ஒன்று, ஏலத்தில் எடுத்தது. இல்லையென்றால், அவரே பழைய தங்கமாக ஒருவரிடம் விலைக்கு வாங்கியது. நிறைய அடகுக் கடைக்காரர்கள் பக்கத்திலேயே நகைக் கடையும் வைத்திருப்பார்கள், அதனால் இரண்டாவது வழி சாதாரணம். எது என்று கேளுங்கள். "அண்ணே, இது ஏலத்துல எடுத்ததா, நீங்க வாங்குனதா?" அவ்வளவுதான் கேள்வி. நேர்மையான கடைக்காரர் கோபப்பட மாட்டார். பில்லும் கொடுப்பார். "பில் எல்லாம் எதுக்கு, நம்ம ஊருதானே" என்று பேச்சு போனால், காசு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் எழுந்து வந்துவிடுவேன். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போகும், கொடுத்த பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் அது தனிக் குற்றம்.

சரி, இனி எடை. ஒரு சவரன் புதிதாக அச்சிலிருந்து வரும்போது 7.988 கிராம். நாம் பவுன் என்று கணக்குப் பண்ணுகிற 8 கிராமை விட ஒரு துளி குறைவு. 22 கேரட், நூற்றுக்கு 91.67 தங்கம், மீதி செம்பு. விட்டம் 22 மில்லிமீட்டர், கனம் ஒன்றரை மில்லிமீட்டர். புழங்கித் தேய்ந்த காசு 7.94 வரை இறங்கும். அதற்குக் கீழே போனால் பிரிட்டனிலேயே அந்தக் காலத்தில் செல்லாது என்று ஒதுக்கினார்கள். ஆகவே 7.85 என்று தராசு காட்டினால், யாரோ விளிம்பில் அரம் போட்டிருக்கிறார்கள், அல்லது காசே சரியில்லை. எடை போடும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். தராசு வெறுமையாக இருக்கும்போது பூஜ்யத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சவரனுக்கு விளிம்பு முழுக்க ஒரே சீராக வரி இருக்கும். இந்தக் காசில் மேலே, ராஜா தலைக்கு நேராக, ஒரு இடம் மட்டும் மழமழவென்று இருக்கிறது, நிறமும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, தெரிகிறதா? இது காசுமாலையில் கோத்த காசு. வளையம் வைத்துப் பற்றவைத்து, பின்னால் அதை எடுத்துவிட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பற்றவைக்கிற பொடியில் தங்கம் குறைவு, அதனால்தான் அந்த வெளிறல். உருக்கும் தங்கத்தின் விலைக்கு வாங்கினால் இது பெரிய குறையில்லை. ஆனால் சேகரிப்பவர்களிடம் இந்தத் தடம் இருந்தாலே மதிப்பு விழும். பேரத்தில் இதை ஞாபகம் வையுங்கள்.

உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதெல்லாம் கடைக்காரரே செய்வார். உரைகல் மேல்பூச்சைத்தான் சொல்லும், உள்ளே இருப்பதைச் சொல்லாது. எக்ஸ்ரே மெஷினும் ஆழமாகப் போகாது. எனக்குப் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. நகைத் தராசில் ஒரு சின்னக் கிளாஸில் தண்ணீர் வைத்து, பூஜ்யம் பண்ணிவிட்டு, காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அடியிலும் பக்கத்திலும் தொடக் கூடாது. தராசு 0.45 காட்டினால் நல்லது. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் பதினேழரை, பதினேழே முக்கால் என்று வரும். செம்பு கலந்த 22 கேரட் தங்கத்தின் அடர்த்தி அதுதான். நான் இதைச் செய்தபோது அந்தக் கடையில் இருந்த பெரியவர், "என்ன ஆத்தா, காசைக் குளிப்பாட்டுறீகளா?" என்று கேட்டுவிட்டு, அவரே நூலைப் பிடித்துக்கொண்டார். ஒன்று மட்டும், 24 கேரட் காசுக்கு இந்தச் சோதனை போதாது. டங்ஸ்டன் என்கிற உலோகத்தின் அடர்த்தி சுத்தத் தங்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது, உள்ளே அதை வைத்துப் பூசினால் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. சவரனில் அந்த வேலை பலிக்காது, அடர்த்தி கூடிவிடும்.

அப்புறம் லட்சுமி காசு. மெல்லியதாக, அச்சில் தட்டிய காசு. அது நாணயமே இல்லை, நகைக்காகச் செய்தது. எந்த அரசும் அதற்குப் பொறுப்பில்லை. பழைய காசுமாலைகளில் 85 டச் (நூற்றுக்கு 85 பங்கு தங்கம்) கூட இருக்கும். அதற்கு 916, அதாவது 22 கேரட் விலை பேசினால் மறுத்துவிடுங்கள்.

இப்போது விலை. கணக்கு எளிதாக இருக்க 22 கேரட் போர்டு ரேட், அதாவது கடையில் அன்றைக்கு எழுதிப் போடுகிற விலை, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் அன்றைய ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். காசு 7.96 கிராம் நிற்கிறது. போர்டு ரேட்டில் 79,600 ரூபாய். அதுவே 85 டச் லட்சுமி காசாக இருந்தால் கிராமுக்கு சுமார் 9,280 தான் தகும்.

கடைக்குள் போனதும் வாங்க வந்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். வேறு ஒரு கடையில் முதலில் கேளுங்கள்: "அண்ணே, சவரன் காசு வித்தா இன்னைக்கு கிராமுக்கு என்ன தருவீங்க?" அவர் 9,700 என்கிறார். அப்படியென்றால் இந்தக் காசை ஒரு கடைக்காரர் எடுக்கும் விலை 77,212. இதுதான் தரை. மேலே 79,600. உங்கள் பேரம் முழுக்க இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான். ரேட்டைப் பேரம் பேச முடியாது, அது சென்னையில் முடிவாகி வருகிறது. அவர் அதற்கு மேலே ஏற்றுகிற தொகையைத்தான் பேச முடியும்.

அந்த ஏற்றம் பல பெயரில் வரும். முதலில் சேதாரம். பழைய காசுக்கு ஏது சேதாரம்? யாரும் உருக்கவில்லை, அடிக்கவில்லை. செய்கூலியும் கிடையாது. சிரித்துக்கொண்டே கேளுங்கள், அவரும் சிரித்துவிட்டு எடுத்துவிடுவார். அடுத்தது, "இது ஆன்டிக் ஆத்தா, நூறு வருஷத்துக் காசு, பாம்பே காசு, கிடைக்கவே கிடைக்காது." பம்பாயில் 1918-இல் அடித்தது 12 லட்சத்துக்கும் மேல். அபூர்வமில்லை. சாதாரண வருடத்துச் சவரன்கள் உலகம் முழுக்கத் தங்க விலையை ஒட்டியே போகின்றன. அதிலும் வளையத் தடம் இருந்தால் ஆன்டிக் பேச்சையே எடுக்க முடியாது. அந்த இடத்தை விரலால் காட்டுங்கள், வாதாட வேண்டாம்.

மூன்றாவதாக வருவது ஜிஎஸ்டி. பில் போட்டால் தங்கத்துக்கு 3 சதவீதம், நம் கணக்கில் 79,600-க்கு 2,388 ரூபாய். இது நியாயமான தொகை, இதில் பேரம் பேசாதீர்கள். "பில் இல்லாம வாங்கிக்குங்க, அந்த 2,388 மிச்சம்" என்று ஆசை காட்டினால், மிச்சமாவது அவருக்கா நமக்கா என்று யோசியுங்கள். நாளைக்கு விற்கப் போகும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட அந்தத் தாள்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், போர்டு ரேட்டுக்கு மேலே ஜிஎஸ்டி தவிர ஒரு ரூபாய் கூடத் தர மாட்டேன். போர்டு ரேட்டிலிருந்து கிராமுக்கு நூறு ரூபாயாவது குறைத்துக் கேட்பேன். கடைக்காரருக்கும் அதில் லாபம் இருக்கிறது, அவர் வாங்கியது அதற்கும் கீழேதானே. மறுத்தால் புதுக்காசு இருக்கவே இருக்கிறது. சில சதவீதம் கூலி கூடும், அவ்வளவுதான். வங்கியில் மட்டும் வேண்டாம். விற்பார்கள், திருப்பி வாங்க மாட்டார்கள்.

பேசும்போது முதல் எண்ணை அவர் வாயிலிருந்து வரவையுங்கள். அவர் 86,000 என்றால் முகத்தைச் சுளிக்க வேண்டாம். "கிராமுக்கு என்ன போட்டிருக்கீங்கண்ணே?" என்று கால்குலேட்டரை அவர் பக்கம் நகர்த்துங்கள். மொத்த விலையாகப் பேசினால் 6,400 ரூபாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. கிராம் கணக்குக்கு வந்துவிட்டால் 10,804 என்று அவரே பார்ப்பார், பக்கத்துச் சுவரில் போர்டு 10,000 காட்டும். பாதி பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

பில்லில் எடை, கேரட், காசின் வருடம், கிராம் விலை எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று சட்டம், இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் கார்டும் கேட்பார்கள். நான் பெரும்பாலும் வங்கி வழியாகவே அனுப்பிவிடுவேன்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது. அதனால் 1918 காசை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வெளியூர்ப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்றால் 2013-இல் இருந்து இந்தியாவிலேயே அடித்த புதுச் சவரன் இருக்கிறது, அதே குதிரை, அதே எடை. எடுத்துப் போகும்போது சுங்க விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடியோ முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில். அங்கே விலை பேசுவது இதை விடக் கஷ்டம், போர்டு ரேட்டே கிடையாது. வரட்டுமா?