பிரெஞ்சு தெரியாமல் கம்பஸில பிரெஞ்சு படிக்கேலுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. முறிகண்டிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. வாசிக்கிறன்: "கலைப்பிரிவில ஏ.எல் எழுதிப்போட்டு றிசல்ட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். தமிழ், வரலாறு, புவியியல். கம்பஸில பிரெஞ்சு மொழியும் இலக்கியமும் படிக்க விருப்பம். இப்ப ஒரு சொல்லும் தெரியாது. பிரான்சில இருக்கிற மாமா, அது கதைக்கக் கதைக்க வந்திடும், அதுக்கும் ஒரு பட்டமோ எண்டு சிரிக்கிறார். ஏலுமா? எங்க தொடங்கிறது?"

ஏலும் தங்கச்சி. மாமா சொன்னதில பாதி சரி. பேச்சு, அங்க நாலு பேரோட புழங்கினா வரும். எழுத்து அப்பிடி வராது. பிரான்ஸ் அரசாங்கமே இப்ப அதை நம்பிறேல்லை. 2026 ஜனவரி 1 தொடக்கம் குடியுரிமை கேக்கிற ஆள் பேச்சிலயும் எழுத்திலயும் பி2 மட்டம் காட்டவேணும், முந்தி பி1 காணும். (மொழி எவ்வளவு தெரியுமெண்டதை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 எண்டு ஆறு படியா அளப்பினம், ஏ1 தான் அடிப்படி.) மாமா இன்னும் குடியுரிமை எடுக்கேல்லையெண்டா அவரும் கொப்பியோட இருக்கவேண்டியதுதான். (சிரிக்கிறார்)

முதல்ல, கம்பஸில என்ன நடக்குதெண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. அது "பொன்ஜூர்" சொல்லப் பழக்கிற வகுப்பில்லை. இலக்கணம், உச்சரிப்பு, கட்டுரை எண்டு தொடங்கும். பிறகு நூற்றாண்டு நூற்றாண்டா இலக்கியம். 17ஆம் நூற்றாண்டு நாடகம், 19ஆம் நூற்றாண்டு நாவல், ஆபிரிக்காவிலயும் கரீபியன் தீவுகளிலயும் பிரெஞ்சில எழுதின ஆக்கள். அதோட மொழிபெயர்ப்பு, பிரெஞ்சுச் சமூகம். 1905ஆம் ஆண்டுச் சட்டம் தேவாலயத்தையும் அரசையும் ஏன் பிரிச்சது, அதால இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன சண்டை, இதெல்லாம் பாடம். விடை எழுதிறதும் பிரெஞ்சிலதான். ஆனபடியா பி1 மட்டத்தோட உள்ள போற பிள்ளை இலக்கியத்தை ரசிக்கும். ஏ1 ஓட போற பிள்ளை அகராதியோட மல்லுக்கட்டும்.

எங்க படிக்கிறது? இஞ்ச பக்கத்தில தேடாதேங்கோ. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல தனிப் பல்கலைக்கழகமா வரேக்க இருந்தது பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழினுட்பவியல் பீடங்கள். களனிப் பல்கலைக்கழகத்தில நவீன மொழிகள் துறை இருக்கு, அங்க பிரெஞ்சு படிப்பிக்கினம். ஒரு விசயம் கவனம். கலைப்பிரிவுக்கு வெட்டுப்புள்ளி கிடைக்கிறது வேற, உள்ள போய் இந்தப் பாடத்தை எடுக்க விடுறது வேற. ஏ.எல்லில பிரெஞ்சே ஒரு பாடமா இருக்கு, அதைச் செய்து வாற பிள்ளையளும் இருப்பினம். அதால பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர அந்த வருசக் கைநூலை வரி வரியா வாசியுங்கோ. துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஏ.எல்லில பிரெஞ்சு செய்யாத ஆள் எந்த மட்டத்தோட வரலாமெண்டு கேளுங்கோ. போனில கேட்டு விடாதேங்கோ, பதில் எழுத்தில இருக்கவேணும். இன்னொண்டு, அங்க தமிழ்மூலம் கிடையாது. விளக்கம் ஒண்டில் பிரெஞ்சு, இல்லாட்டி இங்கிலீஸ்.

இனி நேரக் கணக்கு. ஒண்டுமில்லாமல் தொடங்கி பி1 க்கு வர 350 தொடக்கம் 400 மணித்தியாலம் எண்டு பொதுவாச் சொல்லுவினம். ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம் எண்டா ஏறக்குறைய 200 நாள். ஏ.எல் முடிஞ்சு கம்பஸ் தொடங்கிற இடைவெளிக்குள்ள இது அடங்கும். ஆனா ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியா 10 மணித்தியாலம் எண்டு செய்தா அடங்காது. மொழி அப்பிடி ஏறாது.

இப்ப நான் அழுத்திச் சொல்லப்போறது இதுதான். பிரெஞ்சை இங்கிலீசால பிடிக்காதேங்கோ, தமிழால பிடியுங்கோ. இங்கிலீஸ் சொல்லுக்கு உதவும், எழுத்து ஒண்டு, சொல்லு கனக்க ஒண்டு. ஆனா இலக்கணத்துக்கு நீங்கள் ஏ.எல்லில படிச்ச தமிழ் இலக்கணம் அதைவிடக் கூர்மையான ஆயுதம்.

பாருங்கோ, "மணி" ஓட "அடித்தது" சேந்தா "மணியடித்தது". நடுவில ஒரு "ய்" வருது, உடம்படுமெய். பிரெஞ்சில "அவரிட்ட இருக்கு" எண்டா "இல் ஆ". கேள்வியாத் திருப்பினா "ஆ இல்" எண்டு வரவேணும், ரெண்டு உயிரும் முட்டுது. அதால நடுவில ஒரு "த்" போட்டு "ஆ-தில்" எண்டுவினம். அந்த "த்" க்குப் பொருள் கிடையாது, எங்கட "ய்" மாதிரித்தான். இங்கிலீசால படிக்கிற பிள்ளை இதை ஒரு விதிவிலக்கெண்டு பாடமாக்கும். நீங்கள் புணர்ச்சி எண்டு விளங்கிக்கொள்ளுவியள். "நீ", "நீங்கள்" அங்கயும் இருக்கு: "த்யூ", "வூ". பன்மையே மரியாதைக்கும் வாறது எங்களை மாதிரியே.

அதைவிட ஒண்டு, இது எங்கட பக்கத் தமிழுக்கு மட்டும் கிடைச்ச வரம். பிரெஞ்சில இறந்தகாலம் ரெண்டு விதமாப் பிரியும். ஒருக்கா நடந்து முடிஞ்சது ஒண்டு, வழமையா நடந்துகொண்டிருந்தது மற்றது. பிள்ளையள் தடுமாறுற முதல் இடம் இதுதான். நாங்கள் என்ன சொல்லுறம்? "நேற்று முல்லைத்தீவுக்குப் போனன்." "சின்னனில முல்லைத்தீவுக்குப் போறனான்." இந்தப் "போறனான்" தான் அவையின்ர இரண்டாவது காலம், "அன்பர்ஃபே" எண்டு பேர். வசனம் எழுத முந்தி மனசுக்குள்ள "போனனா, போறனானா" எண்டு கேளுங்கோ. முக்கால்வாசி இடத்தில சரிவரும். மிச்சம் "மழை பெய்துகொண்டிருந்தது, கதவு திறந்தது" மாதிரி. பின்னணியா இருக்கிற மழைக்கு "அன்பர்ஃபே", சட்டெண்டு நடக்கிற கதவுக்கு மற்றது.

தமிழ் கைவிடுற இடமும் இருக்கு. எங்களுக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, முடிஞ்சுது. அவைக்கு மேசை பெண், புத்தகம் ஆண். காரணம் தேடாதேங்கோ. சொல்லைத் தனிய எழுதாமல் "லா தாப்ல்", "ல லீவ்ர்" எண்டு முன்னொட்டோட சேத்துப் பாடமாக்குங்கோ. "டி-ஐ-ஓ-என்" எண்டு முடியிற சொல் ஏறக்குறைய எல்லாமே பெண். "எம்-இ-என்-டி" எண்டு முடிஞ்சா ஏறக்குறைய எப்பவும் ஆண். "ஏ-ஜி-இ" எண்டு முடிஞ்சாலும் அநேகமா ஆண்தான், ஆனா படமும் பக்கமும் கடற்கரையும் பெண்.

உச்சரிப்புக்கு வருவம். கொப்பியில தமிழ் எழுத்தில உச்சரிப்பு எழுதிற பழக்கம் இருந்தா இண்டைக்கே விடுங்கோ. ஏனெண்டு காட்டுறன். (பலகையில் poisson, poison, boisson என்று மூன்று சொற்களை எழுதுகிறார்) இது மீன். இது நஞ்சு. இது குடிக்கிற பானம். தமிழில எழுதினா மூண்டும் "புவாசோன்" தான். கடையில மீன் கேக்கிற ஆள் நஞ்சு கேட்டா எப்பிடியிருக்கும்? மீனுக்கு நடுவில ரெண்டு "எஸ்", வெறும் காத்துச் சத்தம். நஞ்சுக்கு ஒரு "எஸ்", ரெண்டு உயிருக்கு நடுவில தனிய நிக்கிறபடியா அது வண்டு இரையிற சத்தமா மாறும். பானத்துக்கு முதல் எழுத்தே "பி", "பணம்" எண்டதில வாற ப இல்லை, "பஸ்" எண்டதில வாற ப.

அந்த வண்டுச் சத்தம் எங்களிட்ட இல்லை. தொண்டையில ரெண்டு விரலை வைச்சு "ஸ்ஸ்" எண்டு இழுங்கோ, ஒண்டும் அதிராது. வாயை அப்பிடியே வைச்சுக்கொண்டு குரலைச் சேருங்கோ, விரலில அதிரும். அதுதான். இது வராட்டி "அவையிட்ட இருக்கு" எண்டதும் "அவை இருக்கினம்" எண்டதும் ஒண்டாப் போயிடும். எழுத்தில வேற வேற, காதில இந்த ஒரு சத்தம்தான் வித்தியாசம்.

அடுத்தது "யு". "இ" எண்டு சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் "ஊ" வுக்குக் குவியுங்கோ. பிழைச்சா "மேல" எண்டது "கீழ" எண்டு போகும்: "தெஸ்யு" மேல, "தெஸு" கீழ. பிறகு மூக்கால வாற உயிர்கள். தமிழ்நாட்டுப் படத்தில "வந்தான்" எண்டு சொல்லேக்க கவனிச்சிருப்பியள், கடைசி "ன்" க்கு நாக்கு தொடாது, சத்தம் மூக்கால போயிடும். நாங்கள் நாக்கைத் தொட்டுச் சொல்லுவம். பிரெஞ்சுக்கு அவையின்ர மாதிரி வேணும்.

எண்களையும் ஒருக்காச் சொல்லோணும், கேட்டல் சோதினையில ஆக்கள் விழுற கிடங்கு இது. 70 எண்டா "60-10", 80 எண்டா "நாலு இருபது", 92 எண்டா "நாலு இருபது 12". அங்க போன் நம்பரை ரெண்டு ரெண்டு இலக்கமாச் சொல்லுவினம். "60" எண்டு கேட்டவுடன 6 ஐ எழுதிப்போடுவியள், பின்னால "12" வந்தா அது 72. ஆகையால் சோடி முடியும்வரைக்கும் பேனை கடுதாசியில படக்கூடாது. சுவிசில சொந்தக்காரர் இருந்தா அவை 70 க்கு "செப்தான்த்" எண்டுவினம். அதுவும் சரிதான், பயப்பிடாதேங்கோ.

மட்டத்தைக் காட்ட "டெல்ஃப்" சோதினை இருக்கு, ஏ1 இலிருந்து பி2 வரைக்கும். அதுக்கு மேல "டால்ஃப்". கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு, ஒவ்வொண்டுக்கும் 25. மொத்தம் 50 எடுத்தா சித்தி, ஆனா எந்த ஒண்டிலயும் 5 க்குக் கீழ போகக்கூடாது. மூண்டில நல்லாச் செய்து கேட்டலில 4 எடுத்தா, அவ்வளவுதான். சான்றிதழ் காலாவதியாகாது. பி1 எழுத்துக்கு 160 சொல், பி2 க்கு 250. கொழும்பு அலியான்ஸ் பிரான்சேஸில எழுதலாம்.

படிக்கிறதுக்குக் காசில்லாத வழி: "தேவே சேங்க் மோந்த்" தொலைக்காட்சியின்ர பழகு தளத்தில ஏ1 தொடக்கம் பி2 வரைக்கும் பயிற்சி இருக்கு. பிரான்ஸ் சர்வதேச வானொலி, "எளிய பிரெஞ்சில செய்தி" எண்டு 10 நிமிட ஒலிபரப்பு செய்யுது, எழுத்து வடிவமும் சேத்துப் போடும். ஏ2 தாண்டின பிறகு ஒரு நாளைக்கு ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுங்கோ. மூண்டு தரம் கேளுங்கோ, கேட்டதை எழுதுங்கோ, பிறகு ஒப்பிட்டுச் சிவப்புப் பேனையால திருத்துங்கோ. சிக்னல் இழுபடுற இடமெண்டா இரவில இறக்கி வையுங்கோ, ஒலி மட்டும் எண்டபடியா டேட்டா பெரிசாப் போகாது. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி வசனம் எழுதாதேங்கோ. பல வேளை அது தமிழிலிருந்து இங்கிலீசுக்குப் போய்த்தான் பிரெஞ்சுக்கு வருது. "நீங்கள்" எண்டு ஆசிரியருக்கு எழுதினது நடுவில மரியாதையைத் துலைச்சு "நீ" எண்டு போய்ச் சேரும்.

இலக்கியத்துக்கு வருவம். தமிழ்ப் பாடத்தில நயம் எழுதிப் பழகின பிள்ளையள் இஞ்சதான் புள்ளி இழக்கிறது. நயம் பாராட்டும். பிரெஞ்சுக்காரர் கேக்கிற "கொமொந்தேர்", அதாவது தந்த ஒரு பந்தியை ஆராய்ஞ்சு எழுதிற கட்டுரை, நிரூபிக்கும். பந்தியின்ர கருத்தைத் திருப்பி உங்கட சொல்லில எழுதினா, எவ்வளவு அழகா எழுதினாலும் புள்ளி வராது. அதைத்தான் அவை முதல் பிழையெண்டு அடிப்பினம். முதல் வாசிப்பு பேனையில்லாமல். ரெண்டாவதில வினைச்சொல் எல்லாத்தையும் கோடிடுங்கோ, காலம் எங்க மாறுதெண்டு பாருங்கோ. பந்தி பெரும்பாலும் அந்த இடத்திலதான் திரும்பும். பிறகு ஒரு கேள்வி செய்யுங்கோ: "இந்தப் பந்தி இதை எப்பிடிச் செய்யுது?" அதுக்கு ரெண்டு அல்லது மூண்டு கட்ட விடை. உங்கட விடையின்ர ஒவ்வொரு பந்தியிலயும் ஒரு கருத்து, மூலத்திலிருந்து நாலைஞ்சு சொல் மேற்கோள், அந்த உத்தியின்ர பேர், அது வாசகருக்கு என்ன செய்யுது. நாலில ஒண்டு குறைஞ்சாலும் பந்தி நொண்டும். 3 மணித்தியாலச் சோதினையெண்டா முதல் 1 மணித்தியாலம் குறிப்புக்கு. முன்னுரையைத் திட்டம் முடிஞ்ச பிறகு எழுதுங்கோ.

பழகிறதுக்கு ஒண்டு சொல்லுறன். அல்பேர் கம்யூ 1942 இல வெளியிட்ட நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியா "அந்நியன்" எண்டு தமிழாக்கியிருக்கிறார். அந்தக் காலத்து நாவல்கள் எழுத்துக்கெண்டே இருக்கிற ஒரு இறந்தகாலத்தில போகும், ஆக்கள் வாயில வராது. கம்யூ அதை விட்டிட்டு, பெரும்பாலும் வாயால சொல்லுற இறந்தகாலத்திலேயே கதையை நடத்துறார். அதால பி1 காரருக்கும் கை எட்டும். முதல் பக்கத்தை ரெண்டு மொழியிலயும் பக்கத்தில வைச்சு, தமிழில ஒரே "வந்தது, போனது" எண்டு நிக்கிற இடங்களில பிரெஞ்சில எது "போனன்", எது "போறனான்" எண்டு பிரிச்சு எழுதிப் பாருங்கோ.

மாமாவையும் விடாதேங்கோ, அவரின்ர காது உங்களுக்கு வேணும். இந்தக் கிழமை வேலை: அந்த மூண்டு சொல்லையும் ஒழுங்கு மாத்தி மாத்தி பத்துத் தரம் பதிவுசெய்து வாட்சப்பில அனுப்புங்கோ. எது மீன், எது நஞ்சு, எது பானம் எண்டு அவர் எழுதி அனுப்பட்டும். பத்தில எட்டு பொருந்தினா அடுத்த சத்தத்துக்குப் போங்கோ. பொருந்தாட்டி திரும்பவும் தொண்டையில விரல்.