முத்துப்பிள்ளை கலைந்த பிறகு

வணக்கம் நேயர்களே. பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டிக்கு ‘முத்துப்பிள்ளை’ என்ற சொல் தெரியும். கோலாலம்பூரில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நான் பாடப்புத்தகத்தில்தான் அந்த நோயைப் படித்தேன். கர்ப்பமான பெண்ணுக்கு மாதக் கணக்குக்கு மீறி வயிறு பெருக்கும், வாந்தி ஓயாது, இடையிடையே ரத்தம் படும். உள்ளே பெரும்பாலும் பிள்ளை இருக்காது. நஞ்சுக்கொடி மட்டும் முத்து முத்தாகத் திரண்டிருக்கும். யாரோ செய்வினை வைத்துவிட்டதாகத் தோட்டத்தில் பேசிக்கொள்வார்களாம்.

செய்வினை இல்லை. கருத்தரிக்கும்போதே நடந்துவிடும் பிழை அது. தாயின் மரபணு இல்லாத முட்டைக்குள் விந்தணு ஒன்று நுழைந்து, தன் மரபணுவையே இரட்டித்துக்கொள்ளும். பிள்ளையே இல்லாத ‘முழு முத்துப்பிள்ளை’யில் பெரும்பாலும் நடப்பது இதுதான். தகப்பன் பங்கு மட்டும் இருந்தால் நஞ்சுக்கொடி வளரும், குழந்தை உருவாகாது. அந்தப் பெண் சாப்பிட்ட பப்பாளியோ தூக்கிய குடமோ இதற்குக் காரணமல்ல. பழி இன்னும் அவள் தலையில்தான் விழுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என்னை இந்தத் துறைக்கு இழுத்ததே நஞ்சுக்கொடிதான். அதன் உயிரணுக்கள் கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். தாயின் ரத்தக் குழாய்களைத் தம் வசதிக்கு மாற்றி அமைக்கும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி தம்மை விரட்டாதபடி பார்த்துக்கொள்ளும். புற்றுநோயும் இதையேதான் செய்கிறது! ஆனால் நல்ல நஞ்சுக்கொடிக்கு எங்கே நிற்பது என்று தெரியும். முத்துப்பிள்ளையில் சிலருக்கு அந்த நிறுத்தம் தவறிவிடுகிறது. கருப்பையைச் சுத்தம் செய்த பிறகும் மிச்சமிருக்கும் உயிரணுக்கள் வளரும். அரிதாக நுரையீரல்வரை போகும்.

ஒரு காலத்தில் அப்படிப் பரவினால் பெரும்பாலும் சாவுதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியூ லீ என்ற மருத்துவரும் ராய் ஹெர்ட்ஸும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகத் தருகிறோமே ஃபோலிக் அமிலம், அதை உயிரணுக்கள் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் மருந்து அது. வேகமாகப் பெருகும் நஞ்சுக்கொடி உயிரணுக்கள் அந்த அமிலம் இல்லாமல் தாங்காது. 1956-ல் முடிவுகளை வெளியிட்டார்கள், கட்டிகள் மறைந்திருந்தன. லீ அதோடு விடவில்லை. நஞ்சுக்கொடி உயிரணுக்கள் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் உடம்பில் கொஞ்சம் மீந்திருந்தாலும் நோய் மீந்திருக்கிறது என்று சொல்லி, அது அற்றுப்போகும்வரை மருந்தைத் தொடர்ந்தார். தேவையில்லாமல் நஞ்சைக் கொடுக்கிறார் என்று அவரை வேலையை விட்டே அனுப்பினார்கள். அப்புறம் பார்த்தால், அவர் அப்படிச் சிகிச்சை கொடுத்த பெண்களுக்குத்தான் நோய் திரும்பவில்லை. 1972-ல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

முத்துப்பிள்ளையைச் சுத்தம் செய்த பிறகு, லீ பார்த்த அதே எச்.சி.ஜி. எண்ணைத்தான் இன்றும் ரத்தப் பரிசோதனையில் தொடர்ந்து கண்காணிக்கிறோம். செந்தூலிலிருந்து ஒரு தங்கை வந்துகொண்டிருந்தார். நான்காவது ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு காணவில்லை. கேட்டபோது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, லீவும் கிடைக்கவில்லை, வீட்டில் அடுத்த பிள்ளை எப்போது என்று கேட்கிறார்கள் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பரிசோதனை எதற்கு என்று யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை.

கர்ப்பமா என்று வீட்டில் பார்க்கும் குச்சி காட்டுவதும் எச்.சி.ஜி.யைத்தான். கண்காணிப்புக் காலத்தில் மறுபடி கருத்தரித்தால் அந்த எண் ஏறும். ஏறியது பிள்ளையாலா நோயாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில மாதங்கள் பொறுத்திருங்கள் என்று மருத்துவர் சொல்வது அதனால்தான், இனிப் பிள்ளை பிறக்காது என்பதற்காக அல்ல. மருந்து தேவைப்பட்டவர்களில் பெரும்பாலோர் குணமடைந்து, பிறகு பிள்ளையும் பெறுகிறார்கள். மறுபடி முத்துப்பிள்ளை வருவது ஏறக்குறைய 100-ல் ஒருவருக்குத்தான்.

மாமியார்களே, அம்மாக்களே, அந்த மாதங்களில் கேள்வி கேட்காமல் ரத்தப் பரிசோதனைக்குத் துணைக்குப் போங்கள். கணவன்மார்களே, தேதியை உங்கள் கைப்பேசியிலும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கருத்தரித்தால், முன்பு முத்துப்பிள்ளை இருந்தது என்று கிளினிக்கில் முதல் நாளே சொல்லி, ஸ்கேனைச் சீக்கிரமே எடுக்கக் கேளுங்கள்.