எந்தக் கல்லிலிருந்து அளந்தார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு பிளான், மனைப்பிரிவு, பட்டா நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படம் எல்லாவற்றையும் இன்று பலர் ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைகிறார்கள். கோடு இழுக்க யாரும் சீக்கிரம் பழகிவிடலாம். அந்தக் கோடு எந்தப் புள்ளியில் தொடங்கியது என்பதைக் கடைசி வரை கைவிடாமல் பிடித்திருப்பதுதான் கடினம். அதைப் புலப்படத்தை வைத்தே சொல்கிறேன்.

புலப்படத்தில் எல்லைக் கற்களை இணைத்து நேர்கோடுகள் போட்டிருப்பார்கள். அவற்றை ஜி லைன் என்கிறோம். வரப்பு நேராகப் போகாத இடங்களில், ஜி லைன் மேல் இத்தனை மீட்டர் போய், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் விலகினால் எல்லை என்று குறித்திருப்பார்கள். அந்த விலகல்தான் ஆஃப்செட்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஏ என்ற கல்லிலிருந்து பி என்ற கல்லுக்கு 60 மீட்டர். ஏ கல்லிலிருந்து 18 மீட்டரில் இடப்பக்கம் 4 மீட்டர் ஆஃப்செட். 42 மீட்டரில் இடப்பக்கம் 2.6 மீட்டர். இந்த வரப்புக்கும் ஜி லைனுக்கும் நடுவே இருக்கும் நிலம் 138.6 சதுர மீட்டர். அது வயலோடு சேர வேண்டிய நிலம். வரைபவர் பி கல்லைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு அதே எண்களைப் போட்டால் என்ன ஆகும்? பி-யிலிருந்து ஏ-யைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கம் என்பது கோட்டின் மறுபக்கம். சேர வேண்டிய 138.6 சதுர மீட்டர் கழிந்துபோகும். மொத்த வித்தியாசம் 277.2 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 7 சென்ட். திரையில் பார்த்தால் படம் ஒழுங்காகவே தெரியும். தவறு கண்ணில் படாது. ஒரு குடும்பத்தின் 7 சென்ட் நிலம் போய்விடும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கு ஆட்டோகேடிலேயே நல்ல வழி இருக்கிறது. அளவு தொடங்கும் புள்ளியையும் திசையையும் நாமே வைக்கும் கட்டளை யுசிஎஸ். அதைத் தட்டச்சு செய்து, ஏ கல்லின் முனையைத் தொடுங்கள். அடுத்து பி கல்லைத் தொட்டு என்டர் கொடுங்கள். இனி ஏ கல்தான் பூஜ்யம், ஜி லைன்தான் எக்ஸ் அச்சு. பாயின்ட் கட்டளையில் 18 கமா 4, 42 கமா 2.6 என்று புலப்படத்தில் உள்ளபடியே போடலாம். வலப்பக்க ஆஃப்செட்டாக இருந்தால் இரண்டாவது எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி. கோணக் கணக்கே வேண்டாம்.

முனையைத் தொடும்போது, கோட்டின் முனையைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் போட்டிருக்க வேண்டும், எஃப் 3 விசை. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற கணினி வரைபட மென்பொருளிலேயே, ஒளிப்பேனாவைப் புள்ளிக்கு அருகில் கொண்டுபோனால் அந்தப் புள்ளியையே பிடித்துக்கொள்ளும் வசதி இருந்தது. நம் கை அவ்வளவு துல்லியமானதல்ல என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

புள்ளிகளைத் தனியாக வைக்காமல் பாலிலைனாகவே, அதாவது ஒரே தொடர்கோடாக, இழுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்சருக்கு அருகிலேயே எண்களைப் போடும் டைனமிக் இன்புட் வசதி இயங்கும்போது, இரண்டாவது புள்ளியிலிருந்து நீங்கள் போடும் எண்கள் முந்தைய புள்ளியிலிருந்து கணக்காகும், ஏ கல்லிலிருந்து அல்ல. எண்ணுக்கு முன்னால் ஹேஷ் குறி போடுங்கள், அல்லது எஃப் 12 அழுத்தி அதை நிறுத்திவிடுங்கள்.

கோட்டைத் தொடங்கிய புள்ளிக்கே கொண்டுபோய் மூடும் க்ளோஸ், சுருக்கமாக சி. அதிலும் இதே சிக்கல். லைன் கட்டளையில் ஏ கல்லில் தொடங்கிப் பாதி எல்லை வரைந்திருப்பீர்கள். ஒரு போன் வரும், எஸ்கேப் அழுத்திவிடுவீர்கள். திரும்பி வந்து லைன் கொடுத்து என்டர் தட்டினால் விட்ட இடத்திலிருந்தே கோடு தொடரும், அது வசதிதான். ஆனால் கடைசியில் சி போட்டு மூடினால் கோடு ஏ கல்லுக்குப் போகாது. இரண்டாம் முறை எங்கே தொடங்கினீர்களோ அங்கே போய் மூடும். அப்படி நடுவில் நிறுத்தியிருந்தால் சி வேண்டாம், ஏ கல்லையே ஸ்னாப்பில் பிடித்து முடியுங்கள்.

வீட்டு பிளான் போடுபவர்களுக்கு ஃப்ரம் என்ற சொல் போதும். சுவர் மூலையிலிருந்து 900 மில்லிமீட்டர் தள்ளி ஜன்னல் வர வேண்டுமா? லைன் கொடுத்து, ஃப்ரம் என்று தட்டி, மூலையைத் தொட்டு, அட் குறியோடு 900 கமா 0 என்று போடுங்கள். அழிக்க வேண்டிய துணைக்கோடே தேவையில்லை.

இன்னும் ஒன்று. ஏ கல்லின் மேல் ஒரு பாயின்ட் வைத்து, பாயின்ட் ஸ்டைலைப் பெருக்கல் குறியாக மாற்றிவிடுங்கள். முதலில் இருக்கும் சின்னப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. அந்த யுசிஎஸ்ஸுக்குக் கற்களின் பெயரையே வைத்துச் சேமியுங்கள், ஏ-பி என்று. நாளைக்கு உங்கள் படத்தைத் திறக்கும் வேறொருவருக்கும் எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லை நோக்கி அளந்தீர்கள் என்பது தெரிந்துவிடும். பிறகு யுசிஎஸ், வேர்ல்ட் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த ஜி லைனைத் தொடங்கலாம். நன்றி, வணக்கம்.