பருத்தித்துறையிலிருந்து காலிக்குப் பாய்ப்படகில்: கூடப் போகிறவருக்கு என்ன வேலை?

(திரையில்: இலங்கை வரைபடம். பருத்தித்துறையில் தொடங்கி கிழக்குக் கரையால் இறங்கிக் காலி வரை ஒரு கோடு.)

வணக்கம். தெரிந்த ஒருவர் 36 அடிப் பாய்ப்படகு வைத்திருக்கிறார், காலி வரைக்கும் கொண்டுபோகக் கூட இரண்டு பேர் தேடுகிறார், "வாறியா தம்பி, வாறியா பிள்ளை" என்று உங்களைக் கேட்கிறார் என்று வையுங்கள். பாய்ப்படகைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றுதான் முதலில் பயம் வரும். அந்தப் பயம் தேவையில்லை. பாய் ஏற்றுவது, கயிறு இழுப்பது எல்லாம் ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிடும். மூன்று நாள் ஓட்டத்தில் ஆட்களைக் கவிழ்க்கிறது தூக்கம். யார் எப்போது படுக்கிறார், யாரை யார் எழுப்புகிறார், எழும்பினவருக்கு என்ன சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் முழுப் பயணமும் தங்கியிருக்கிறது, இந்த வீடியோவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் பாதை. வரைபடத்தைப் பார்த்தவுடன் நிறையப் பேர் கேட்பது, மேற்குப் பக்கத்தால் மன்னாரைத் தாண்டிப் போனால் கிட்டத்தானே என்று. கிட்டத்தான். ஆனால் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஆதாம் பாலத்து மணல்திட்டுகள் கிடக்கின்றன, இந்த அளவுப் படகின் அடிப்பாரம் தண்ணீருக்குள் இரண்டு மீற்றர் வரை இறங்கி நிற்கும், அதை விட்டால் இருக்கிற வழி பாம்பன் வாய்க்கால், அது இந்தியப் பக்கம். ஆகவே கிழக்கால்தான் சுற்ற வேண்டும்: முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், பிறகு தெற்கு மூலையைச் சுற்றி தேவேந்திரமுனை, காலி. கரையிலிருந்து தள்ளி ஓடினால் சுமார் 350 கடல் மைல். 5 நொட், அதாவது மணித்தியாலத்துக்கு 5 கடல் மைல் வேகத்தில் 70 மணித்தியாலம், இடையில் எங்கும் ஒதுங்காவிட்டால் மூன்று பகலும் மூன்று இரவும்.

காலம்? வாடைக்காற்று ஊதுகிற மார்கழி, தையில் கிழக்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும், அதற்கு முன் கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் பயம் வேறு. ஆனி, ஆடியில் கிழக்குக் கரை பரவாயில்லை, ஆனால் தெற்கு மூலையைத் திரும்பினவுடன் தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்றும் கிழக்கே ஓடுகிற நீரோட்டமும் நேரே மூக்கில் அடிக்கும், காலி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பங்குனி, சித்திரை. காற்று குறைவு, பாதி வழி எஞ்சினில்தான் போவீர்கள், ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு மூன்று லீற்றர் டீசல் குடிக்கும். பின்னேரங்களில் கரைப்பக்கத்திலிருந்து இடிமழை வரலாம். அப்படியிருந்தும் புதிதாக ஏறுகிறவருக்கு நான் சொல்வது சித்திரைதான்.

(திரையில்: மூன்று நிறக் கட்டங்களில் காவல் நேரம்.)

சரி, தூக்கத்துக்கு வருவோம். படகில் மூன்று பேர் என்றால் ஆளுக்கு மூன்று மணித்தியாலம் காவல், ஆறு மணித்தியாலம் ஓய்வு. ஒரு சுற்று ஒன்பது மணித்தியாலம் என்பதால் ஒவ்வொரு நாளும் உங்கள் நேரம் தானாக நகர்ந்துவிடும், அந்தக் கொடுமையான விடியப்புற இரண்டு மணிக் காவல் ஒரே ஆளின் தலையில் விழாது. இதில் புதியவர்கள் கோட்டை விடுகிற இடம் முதல் நாள். வெளிக்கிட்ட உற்சாகத்தில் எல்லோரும் மேலேயே இருந்து கதைத்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தை விட்டுவிடுவார்கள். இரண்டாம் இரவில் மூன்று பேருமே அரைத் தூக்கத்தில். மூன்றாம் இரவில்தான் தேவேந்திரமுனை வருகிறது, சூயஸுக்கும் மலாக்காவுக்கும் இடையில் ஓடுகிற கப்பல்கள் எல்லாம் நெருங்கிப் போகிற இடம் அது. ஆகவே தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் ஆறு மணித்தியாலத்தில் கீழே போய்ப் படுங்கள். போனைப் பார்க்காமல்.

காவல் மாறுகிற அந்தப் பத்து நிமிடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி காட்டுகிறேன்.

"தம்பி, எழும்பு. இன்னும் பத்து நிமிசம் இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வா."

மேலே வந்த பிறகு: "கரைப்பக்கம் ரெண்டு மைலிலை மீன்பிடிப் போட் ஒண்டு, வலை விட்டிருக்கிறாங்கள் போல, கிட்டப் போகாதை. வெளிப்பக்கம் கப்பல் ஒண்டு வடக்கை பாத்துப் போகுது, சிவப்புத் தெரியுது, திசை மாறிக்கொண்டுதான் இருக்கு. காத்து மேற்கை, கச்சான் பக்கம் திரும்பப் பாக்குது. பத்து மணிக்கு நிண்ட இடம் கொப்பியிலை கிடக்கு."

"சரி அண்ணை. எஞ்சின்?"

"போடேல்லை. பற்றரி பன்னிரண்டு தசம் மூண்டு. இன்னும் இறங்கினாப் போடு."

இவ்வளவுதான். பழையவர் உடனே இறங்கிப் போகக் கூடாது. எழும்பினவரின் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் பிடிக்கும், கொஞ்சநேரம் கூட நிற்க வேண்டும். ரோர்ச் சிவப்பு வெளிச்சமாக இருக்கட்டும், கபினுக்குள் ஒருவர் வெள்ளை லைட்டைப் போட்டால் மேலே நிற்கிறவர் திரும்பவும் குருடர்தான்.

காவலில் இருக்கிறவர் என்ன செய்வார்? பெரும்பாலும் ஓட்டோ பைலட்தான் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் வேலை பார்ப்பது. பெரிய கப்பலின் கம்பத்து வெள்ளை விளக்கு குறைந்தது 6 மைலுக்குத் தெரிய வேண்டும் என்பது சட்டம். அது 18 நொட், நீங்கள் 5 நொட், எதிரெதிரே என்றால் கால் மணித்தியாலத்தில் உங்கள் தலைக்கு மேல். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து நின்று முழு வட்டமும் பார்ப்பது இதனால்தான். இருந்தபடி முன்னுக்கு மட்டும் பார்ப்பது கணக்கில் வராது, பாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கிற பக்கத்தைக் குனிந்து பாருங்கள். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. ஒன்று மட்டும் தெரிந்தால் கைத் திசைகாட்டியில் அதன் திசையைக் குறித்துவையுங்கள், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் பாருங்கள். திசை மாறவில்லை, வெளிச்சம் பெரிதாகிறது என்றால் மோதுகிற பாதையில் இருக்கிறீர்கள்.

அந்த நேரம் தண்டையலை, அதாவது படகுக்குப் பொறுப்பானவரை, எழுப்புங்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு மூத்தவரை நடுச்சாமத்தில் எழுப்புவது பெரிய கூச்சம். "பாவம், இப்பதானே படுத்தவர்" என்று யோசித்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் உங்களைக் கூட்டி வந்ததே எழுப்புவதற்குத்தான். கப்பல் இரண்டு மைலுக்குள் வந்தால், காற்று கூடினால், என்னவென்று தெரியாத வெளிச்சம் தெரிந்தால், எழுப்புங்கள். பாயைச் சுருக்க வேண்டுமா என்று மனதில் கேள்வி வந்தாலே சுருக்குகிற நேரம் வந்துவிட்டது, அதற்கும் எழுப்புங்கள். ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போய்ப் படுப்பார், அவ்வளவுதான்.

கிழக்குக் கரையில் கப்பலைவிடத் தொந்தரவு வலை. சின்ன மிதவை, சில இடத்தில் மினுக்கி மினுக்கி ஒரு லைட், சில இடத்தில் அதுவும் இல்லை. ஓடுகிற எஞ்சினில் வலை சுற்றினால் உங்கள் பயணமும் நாசம், ஒரு தொழிலாளியின் முதலும் நாசம். சுற்றிய மாதிரித் தெரிந்தால் உடனே கியரை நியூட்ரலுக்கு எடுத்து எஞ்சினை நிறுத்துங்கள். பக்கத்தில் போட் இருந்தால் கூப்பிட்டுக் கதையுங்கள், தமிழில் கதைக்க முடிகிறது என்பது இந்தக் கரையில் சின்ன விசயம் இல்லை.

(திரையில்: தளத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய தட்டைப் பட்டி, அதில் கொளுவிய கொக்கி.)

இப்போது விழுவதைப் பற்றி. 5 நொட்டில் ஓடுகிற படகு ஒரு நிமிடத்தில் 150 மீற்றரைத் தாண்டிவிடும். இருட்டில், அலைக்குள், ஒரு மனிதத் தலை தேங்காயளவு கூடத் தெரியாது. ஆகவே ஒரே கொள்கை: விழக் கூடாது. மார்பு வாரிலிருந்து வருகிற கயிற்றை, கபினிலிருந்து தலையை வெளியே நீட்டுகிறபோதே கொளுவிவிட்டு, பிறகுதான் காலை எடுத்து வைப்பது. இரவில் தனியாக அணியத்துக்கு, படகின் முன்பக்கத்துக்கு, போக வேண்டாம். ஆண்களுக்கு ஒன்று: பின்பக்கம் நின்றுகொண்டு கடலுக்குள் சிறுநீர் கழிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், உள்ளே போய் இருந்து போங்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் படகிலிருந்து விழுகிறவர்களில் இப்படி விழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காற்று பின்னாலிருந்து வரும்போது பாயின் அடித்தண்டு ஓடுகிற பாதையில் தலையை வைக்காதீர்கள். சுக்கான் கொஞ்சம் பிசகினால் தண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே அடியாக வரும். அதை முன்னால் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று காவலுக்கு வந்தவுடன் தொட்டுப் பாருங்கள்.

வாந்தி. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் வரும், வெட்கம் இல்லை. மாத்திரை போடுகிறவர்கள் வெளிக்கிடுவதற்கு முந்தின இரவே தொடங்க வேண்டும், வாந்தி தொடங்கின பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். எது நல்லது என்று டொக்டரிடமோ பார்மசியிலோ கேளுங்கள், சிலது நித்திரையைக் கொண்டுவரும். கீழே குனிந்து வேலை செய்யாமல் மேலே வந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்தால் பலருக்கு அடங்கிவிடும்.

சாப்பாட்டில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பயத்தம் பணியாரம், பனங்கட்டி, பனாட்டு, எள்ளுருண்டை எல்லாம் நாட்கணக்கில் கெடாது, ஒரு கையால் சாப்பிடலாம், நடுச்சாமக் காவலுக்கு இதைவிட நல்ல சாமான் கடையில் இல்லை. கூழ் காய்ச்சுகிற ஆசையைக் காலியில் இறங்கின பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சமைத்து முடிந்ததும் காஸ் சிலிண்டரின் வாயையும் பூட்டுங்கள், கசிகிற காஸ் காற்றைவிடப் பாரம், படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர்.

(திரையில்: இரவுக் கடல், தூரத்தில் ஒரு வெளிச்சவீட்டின் வீச்சு.)

மூன்றாம் நாள் பின்னேரம் கிரிந்தைக்கு வெளியே மகா ராவணா கோட்டைப் பாறைகள். 1873 முதல் அங்கே வெளிச்சவீடு நிற்கிறது, அதற்கு முன்னும் பின்னும் கப்பல்கள் ஏறி உடைந்திருக்கின்றன, 1961 இல் அப்படியொன்றின் மிச்சத்திலிருந்து முகலாயர் கால வெள்ளிக் காசுகளை எடுத்தார்கள். நல்லாய் வெளியால் போங்கள். பிறகு தேவேந்திரமுனை, அந்த வெளிச்சவீடு 49 மீற்றர், இலங்கையிலேயே உயரமானது. இந்த இரவு இரண்டு பேர் மேலே இருப்பது நல்லது, விஎச்எஃப் ரேடியோ, கப்பல்கள் ஒன்றையொன்று கூப்பிடுகிற 16 ஆம் சனலில் திறந்திருக்கட்டும்.

காலிக்கு இருட்டில் வந்து சேர்ந்தால் உள்ளே போக அவசரப்பட வேண்டாம், வாசலில் பாறைகள் இருக்கின்றன. வெளியே வேகத்தைக் குறைத்து நின்று, விடிந்த பிறகு போங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன், ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியவை. காப்பு மிதவை (லைஃப் ராஃப்ட்) இருக்கிறதா, எப்போது சோதித்தது? ஆபத்துச் சமிக்ஞைக் கருவி, அந்த 406 மெகாஹேர்ட்ஸ் பீக்கன், பதிவு செய்ததா? தண்டையல் விழுந்தால் அல்லது சுகமில்லாமல் போனால் படகை நிறுத்தி ரேடியோவில் கூப்பிட யார் பழகியிருக்கிறார்கள்? சாப்பாடும் டீசலும் யார் செலவு, காலியிலிருந்து திரும்பி வருகிற பஸ் காசு யாருடையது? கடைசிக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கே எரிந்து விழுகிற ஆளை இரவு இரண்டு மணிக்கு உங்களால் எழுப்ப முடியாது, அந்தப் படகை விட்டுவிடுங்கள், வேறு படகு வரும்.