முகவரி மாறினால் மோட்டார் இன்சூரன்ஸ் விலை மாறுமா?

(திரையில்: பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, ஷிஃப்ட் மாறும் நேரம்)

வணக்கம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாயான் லெப்பாஸ் பக்கம் போனால், உள்ளே வரும் மோட்டார் சைக்கிள்களின் நம்பர் பிளேட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 'பி'யில் தொடங்குவது பினாங்கு. அதற்குப் பக்கத்திலேயே கெடாவின் 'கே', பேராக்கின் 'ஏ' எல்லாம் வரிசையாக வரும். கூலிம், சுங்கை பட்டாணி, பாரிட் புந்தார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இங்கே வேலை செய்கிறார்கள் நம் பிள்ளைகள்.

இதில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒரே மாடல் மோட்டார், ஒரே வயது, ஒரே ஃபேக்டரி. ஒருவர் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். இன்னொருவர் நிபோங் திபாலில் அப்பா அம்மாவோடு தரை வீட்டில் இருக்கிறார். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது இருவருக்கும் ஒரே விலையா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அவர்கள் எடுத்திருப்பது தேர்ட் பார்ட்டியா, சொந்த வண்டியின் சேதத்தையும் திருட்டையும் சேர்த்துக் காக்கும் ஃபர்ஸ்ட் பார்ட்டியா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

(திரையில்: இரண்டு பாலிசிகள் அருகருகே)

தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் மோட்டாரால் மற்றவருக்கு ஏற்படும் காயம், மரணம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, குறைந்தது மற்றவரின் உயிருக்கும் உடலுக்குமான பாதுகாப்பாவது இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டேக்ஸும் கிடைக்காது. காப்சாய் என்கிற சிறிய மோட்டார் ஓட்டும் பலர் வைத்திருப்பது இந்தப் பாலிசிதான்.

தேர்ட் பார்ட்டி விலையைக் கம்பெனிகள் தங்கள் விருப்பத்துக்கு வைப்பதில்லை. மோட்டார் டாரிஃப் என்ற கட்டண அட்டவணைதான் இன்றும் அதைத் தீர்மானிக்கிறது. வண்டியின் வகை, சிசி ஆகியவற்றைத்தான் அந்த அட்டவணை பார்க்கும். ஜெலுத்தோங், நிபோங் திபால், கோலாலம்பூரின் செந்தூல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஆகவே "நீ டவுனில் இருக்கிறாய், அதனால் தேர்ட் பார்ட்டி விலை கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த அட்டவணைப்படி என்று தயங்காமல் கேளுங்கள்.

அந்த அட்டவணையிலும் ஒரே ஒரு எல்லைக்கோடு உண்டு. தீபகற்பத்துக்கு ஒரு கட்டணம்; சபா, சரவாக், லாபுவானுக்கு வேறு கட்டணம். 2017 ஜூலைக்கு முன் காரின் ஃபர்ஸ்ட் பார்ட்டிக்கு இருந்த டாரிஃபைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 1400 சிசி வரையிலான காருக்கு, முதல் 1000 ரிங்கிட் மதிப்புக்கான அடிப்படைத் தொகை இங்கே 273.80 ரிங்கிட்டாக இருந்தது. கிழக்கு மலேசியாவில் அதுவே 196.20 ரிங்கிட்.

சரி, ஃபர்ஸ்ட் பார்ட்டிக்கு வருவோம். முகவரி வேலை செய்வது இங்கேதான்.

(திரையில்: 1 ஜூலை 2017)

கடன் போட்டுப் புது மோட்டார் வாங்குபவர்களும், எட்டாயிரம் ஒன்பதாயிரம் ரிங்கிட் வண்டி ஒரே இரவில் காணாமல் போனால் தாங்க முடியாது என்று பயப்படுபவர்களும் எடுப்பது இது. முன்பு இதற்கும் டாரிஃப்தான். 2017 ஜூலை 1 முதல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா இதைத் தளர்த்தியது. அன்றிலிருந்து ஃபர்ஸ்ட் பார்ட்டிக்கும், 'தேர்ட் பார்ட்டி, தீ, திருட்டு' என்ற இடைநிலைப் பாலிசிக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தானே விலை வைக்கலாம். ஓட்டுபவரின் வயது, பழைய கிளெய்ம்கள், போக்குவரத்துக் குற்றங்கள், வண்டியின் வயது, அலாரம் போன்ற பாதுகாப்பு, வண்டி இருக்கும் இடம் ஆகியவற்றையெல்லாம் எடை போடலாம். ஆன்லைனில் விலை கேட்கும்போது அஞ்சல் குறியீட்டைக் கேட்பது இதற்குத்தான்.

இடத்தில் அப்படி என்ன பார்க்கிறார்கள்? முதலில் திருட்டு. யமஹா ஒய்15, ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற வண்டிகளைத் திருடர்கள் தேடிப்போவது ஊரறிந்த விஷயம். எங்கும் ஓடுகிற வண்டி என்பதால் அதன் பாகங்களுக்கு எங்கும் கிராக்கி. கழற்றிப் பிரித்துவிட்டால் பெரும்பாலான பாகங்கள் எந்த வண்டியுடையவை என்று சொல்வது கடினம். நூற்றுக்கணக்கான மோட்டார்கள் திறந்தவெளியில் நிற்கிற அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், அதிகாலை மூன்று மணிக்கு ஒருவன் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் யார் கேட்பார்கள்? தரை வீட்டில் கேட்டுக்குள் சங்கிலி போட்டு நிறுத்திய வண்டிக்கு அந்த ஆபத்து குறைவு. கம்பெனி உங்கள் வாசலுக்கு வந்து பார்ப்பதில்லை. அந்த அஞ்சல் குறியீட்டிலிருந்து இதுவரை எத்தனை கிளெய்ம் வந்தது என்றுதான் பார்க்கும். நீங்கள் மூன்று பூட்டுப் போடுபவராக இருந்தாலும், அக்கம்பக்கத்தில் தொலைந்த வண்டிகளின் கணக்கு உங்கள் விலையில் கொஞ்சம் ஏறும். இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர்கள். கூடுதலாக இருபது முப்பது ரிங்கிட் கொடுப்பது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

அடுத்தது விபத்து. மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள்தான். லாரியும் பஸ்ஸும் நெருக்கியடிக்கும் சாலைகள் உள்ள வட்டாரத்தில் இடிபடும் வண்டிகளும் அதிகம், கிளெய்மும் அதிகம்.

வெள்ளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வண்டிகள் கூரை வரை தண்ணீருக்குள் நின்றன. பலரும் அறியாத விஷயம் என்னவென்றால், சாதாரண ஃபர்ஸ்ட் பார்ட்டி பாலிசியில் வெள்ளம் சேராது. 'சிறப்புப் பேரிடர்' பாதுகாப்பு என்று கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். தாழ்வான தாமானில் இருப்பவர்கள், மோட்டாருக்கு இது கிடைக்குமா என்று தங்கள் கம்பெனியிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

(திரையில்: ஒரு அடையாள அட்டை, அதன் பக்கத்தில் ஒரு சாவி)

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். நம்மில் எத்தனையோ பேருக்கு அடையாள அட்டையில் ஒரு முகவரி, இரவில் தூங்குவது வேறு முகவரியில். அட்டையில் கெடாவின் லூனாஸ் இருக்கும். மோட்டார் நிற்பது பாயான் பாருவில். ஏஜெண்ட் அட்டையைப் பார்த்து லூனாஸ் என்றே எழுதிவிடுவார். விலை கொஞ்சம் குறைந்தால் யாரும் திருத்தச் சொல்வதில்லை.

தயவு செய்து திருத்தச் சொல்லுங்கள். வண்டி எங்கே நிற்கும் என்று கம்பெனி கேட்டால், அது வழக்கமாக இரவில் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். 2013 நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, இன்சூரன்ஸ் எடுப்பவர் கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் கொடுக்காமல் இருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும். வேண்டுமென்றே பொய் சொன்னது நிரூபணமானால், கம்பெனி பாலிசியையே ரத்து செய்து கிளெய்மை மறுக்கலாம். கவனக்குறைவால் நேர்ந்தது என்றால், உண்மை தெரிந்திருந்தால் என்ன விலை வாங்கியிருப்பார்களோ அதற்கேற்ற விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம். பாயான் பாருவில் காணாமல் போன வண்டிக்குப் பாயான் பாரு போலீசில்தான் புகார் கொடுப்பீர்கள். "வண்டி லூனாஸில் அல்லவா இருக்கிறது?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். முப்பது ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய் ஒன்பதாயிரத்தைப் பணயம் வைப்பது வேண்டாம்.

நம்பர் பிளேட்டைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. அது வண்டி எங்கே பதிவானது என்று மட்டும் சொல்லும். கெடா பிளேட்டோடு பினாங்கில் ஓட்டுவதில் தப்பு எதுவும் இல்லை.

(திரையில்: கணக்கு)

முகவரியால் விலை எவ்வளவு மாறும்? கணக்குக்காக நாமே எண்களை வைத்துக்கொள்வோம். நிபோங் திபால் வண்டிக்கு 400 ரிங்கிட், ஜெலுத்தோங் வண்டிக்கு 440 ரிங்கிட். இருவரும் மூன்று ஆண்டு கிளெய்ம் செய்யவில்லை. மோட்டாருக்கு என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாததற்கான கழிவு, முதல் ஆண்டு 15, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 25 சதவீதம். அதற்கு மேல் கிடையாது. 25 கழித்தால் 300, 330 ரிங்கிட். 2024 மார்ச் முதல் 8 சதவீதமாகிவிட்ட சேவை வரியைச் சேர்த்தால் 324 ரிங்கிட்டும் 356 ரிங்கிட் 40 காசும் வரும். முகவரியால் வந்த வித்தியாசம் 32 ரிங்கிட் 40 காசு. என்சிடியால் மிச்சமானது ஒவ்வொருவருக்கும் நூறு ரிங்கிட்டுக்கு மேல். சின்ன கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போகும் முன் இதை யோசித்துப் பாருங்கள். நல்ல விஷயம், கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குக் குடிமாறினாலும் உங்கள் என்சிடி உங்களோடுதான் வரும்.

ஒரு கம்பெனி ஜெலுத்தோங்கை ஆபத்தான இடமாகக் கணக்கிடலாம், இன்னொன்று அப்படிக் கணக்கிடாமல் இருக்கலாம். அதனால் புதுப்பிக்கும்போது குறைந்தது மூன்று இடத்திலாவது, ஒரே காப்புத் தொகைக்கு, விலை கேளுங்கள். ஏஜெண்ட் இல்லாமல் நேரடியாக வாங்கினால் 10 சதவீதக் கழிவு தரும் கம்பெனிகளும் உண்டு. அலாரமோ ஜிபிஎஸ்ஸோ போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஆண்டின் நடுவில் வீடு மாறினால் புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். கம்பெனிக்கோ ஏஜெண்டுக்கோ எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முகவரியைத் திருத்தி ஒரு இணைப்புத் தாள் கொடுப்பார்கள். விலையில் வித்தியாசம் இருந்தால் மீதி மாதங்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்வார்கள். அந்தத் தாளில் உங்கள் வண்டி எண்ணும் புது அஞ்சல் குறியீடும் சரியாக இருக்கின்றனவா என்று வாங்கியவுடனே படித்துப் பாருங்கள்.