கொம்பைப் பார்த்து கிடா வாங்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பட்டிக்கு ஆடு வாங்கவும் விற்கவும் என்றே தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். "அதான் சந்தை இருக்கே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் சந்தைக்கு வருவதில் பாதி, பட்டியில் வேண்டாம் என்று கழித்த ஆடு. கறிக்கு வாங்குகிறவருக்கு எடை பார்த்தால் போதும். பொலிகிடா, அதாவது இனத்துக்கு விடும் கிடா, வாங்குகிறவருக்கு? ஒரு கிடாவை முப்பது, நாற்பது பெட்டைக்கு விடுகிறோம். அதில் ஒரு குறை இருந்தால் அடுத்த ஈத்தில் பட்டி முழுக்க அந்தக் குறைதான்.

நாங்கள் முதன்முதலாக நடத்திய விற்பனையில் ஒரு கிடா வந்தது. சுருண்ட கொம்பு, குளிப்பாட்டிப் பளபளவென்று நிற்கிறது. கூட்டமெல்லாம் அதன் தட்டிக்கு முன்னால்தான். வயதான ஒரு அம்மா வந்தார். கொம்பை ஏறிட்டும் பார்க்கவில்லை. கீழுதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்த்தார். (மேல்தாடையில் தேடாதீர்கள், ஆட்டுக்கு அங்கே முன்பல்லே கிடையாது.) கீழே பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒன்றரை வயதை ஒட்டி, எட்டும் சேர்ந்திருந்தால் நாலு வயது. அப்புறம் பின்பக்கம் போய்க் கையால் தடவினார். "ஏம்பா, ஒரு விதைதான் இறங்கியிருக்கு. இன்னொண்ணு எங்கே?" என்றார்.

கூட்டம் சிரித்தது. கொண்டுவந்தவர் முகம் செத்துப்போயிற்று. பாவம், அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட கிடாவுக்கும் குட்டி பிறக்கலாம், ஆனால் குறையும் கூடவே இறங்கும். இனத்துக்கு விடக் கூடாது.

அன்றிலிருந்து வாசலிலேயே பார்க்கிறோம். வாய், குளம்பு, பெட்டையென்றால் மடி, கிடாவென்றால் விதை. தேறாதது உள்ளே வராது. சண்டை வரும், வரட்டும். நம் மச்சான் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வருஷம் வாங்குகிறவர் வர மாட்டார்.

தட்டிக்குத் தட்டி ஒரு அட்டை தொங்கும். பிறந்த மாதம், தாய் எத்தனை ஈத்து, ஒற்றைக் குட்டியா இரட்டையா, தடுப்பூசி போட்ட தேதி. தேதியை அழுத்திச் சொல்கிறேன். முந்தின நாள் ஊசி போட்டுக் கூட்டி வருகிறார்கள். உடம்பில் எதிர்ப்பு பிடிக்க இரண்டு மூன்று வாரம் வேண்டாமா? முதல் வருஷம் அட்டையில் சாக்பீஸால் எழுதினோம். தூறல் போட்டதும் எல்லா ஆடும் ஒரே வயதாகிவிட்டது.

நாள் குறிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இணைசேர்க்கும் பருவத்துக்கு இரண்டு மாதமாவது முன்னால் வையுங்கள். கிடாவுக்கு விந்து உருவாகி முதிர ஏழு வாரம் ஆகும். வண்டியில் வந்த அலைச்சலில் ஒரு காய்ச்சல் வந்தால், விந்து கெட்டுவிடும்; கிடா மட்டும் தேறி நன்றாக மேயும். பெட்டையோ சினை பிடிக்காது. பழி பெட்டை மேல் விழும். சினை ஐந்து மாதம் என்பதையும் கணக்கில் வையுங்கள். குட்டி விழும்போது மேய்ச்சல் பச்சையாக இருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஏலமா, பேசி முடிப்பதா என்று சொல்ல வந்தேன், நேரமில்லை. இது ஒன்று மட்டும்: வாங்கிய ஆட்டை அன்றே பட்டியில் சேர்க்காதீர்கள். மூன்று வாரம் தனியே கட்டி, குடற்புழுவுக்கு மருந்து கொடுத்து, சாணத்தையும் மூக்கையும் கவனித்த பிறகு விடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனி. வணக்கம்.