அரைக் கிலோ மல்லன்

நேயர்களுக்கு வணக்கம்.

பொம்மைக் கடையில் ரிமோட்டோடு விற்கும் வண்டியைப் பிரித்து, ரிமோட்டே இல்லாமல் எதிரியைத் தேடிப்போய் முட்டித் தள்ளும் ரோபோவாக மாற்றுவது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இப்படி முட்டிக்கொள்வதற்கென்றே ஒரு போட்டி உண்டு: ரோபோ சுமோ. ஜப்பானில் ஃபூஜிசாஃப்ட் நிறுவனம் 1990-இல் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. அங்கே பெரிய பிரிவில் 3 கிலோ எடை, 20 சென்டிமீட்டர் சதுரம். வீட்டு மேசையில் வைத்துச் செய்ய ஏற்றது மினி சுமோ. எடை 500 கிராமுக்குள், நீளமும் அகலமும் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உயரத்துக்கு வரம்பு இல்லை. களம் 77 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டம். அதன் விளிம்பில் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. 3 நிமிட ஆட்டத்தில் எதிரியைக் களத்துக்கு வெளியே தள்ளி முதலில் 2 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. நடுவர் சைகை காட்டிய பிறகு ரோபோ 5 நொடி அசையாமல் நின்று, அப்புறம்தான் புறப்பட வேண்டும். இந்த 5 நொடியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் அது வில்லனாக வரப்போகிறது.

ஒரு எச்சரிக்கை. நம்மூர்க் கல்லூரி விழாக்களில் இதே பெயரில் ரிமோட்டால் ஓட்டும் போட்டிகளும் நடக்கின்றன. அவற்றில் எடை, அளவு எல்லாமே வேறு. விதிமுறையை வரி விடாமல் படித்துவிட்டுப் பிறகு காசை எடுங்கள்.

பொம்மையைத் திருத்துவது சிறுபிள்ளை வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. மார்க் டில்டன் வடிவமைத்து 2004-இல் விற்பனைக்கு வந்த ரோபோசேப்பியன் பொம்மையின் தலையைக் கழற்றி, அங்கே ஒரு கைக்கணினியைப் பொருத்திக் கால்பந்து ஆட விட்டார்கள், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். பொம்மைக்குள் இருக்கும் மோட்டாரும் பல்சக்கரமும் அவ்வளவு ஒன்றும் மட்டமானவை அல்ல.

எந்தப் பொம்மையை வாங்குவது? முன்சக்கரம் ஒடித்துத் திரும்பும் கார் வேண்டாம், அதற்கு நின்ற இடத்தில் சுழலத் தெரியாது. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு தனி மோட்டார் உள்ள டாங்கி, புல்டோசர், குட்டிக்கரணம் அடிக்கும் ஸ்டன்ட் கார் போன்றவற்றைத் தேடுங்கள். ரிமோட்டில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிக் குச்சி இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். பிரித்ததும் மேல்கூட்டையும், ரிமோட்டின் சைகையை வாங்கும் மின்சுற்றுப் பலகையையும் ஒதுக்கிவிடுங்கள். எடுத்துக்கொள்ள வேண்டியவை மோட்டார், கியர்பாக்ஸ், அச்சு, பேட்டரிப் பெட்டி. பழைய பலகையையே ஒட்டுப்போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசை வரும். அந்த நேரத்தில் புதிய பலகையில் இரண்டு ரோபோ செய்துவிடலாம்.

பொம்மைக்குள் பெரும்பாலும் இருப்பது 130 எனப்படும் சிறு மோட்டார். 3 வோல்ட்டில் ஓடும் இந்தக் குட்டி, அச்சை இறுக்கிப் பிடித்தால் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சுமோவில் இரண்டு ரோபோவும் நேருக்கு நேர் முட்டி நிற்கும்போது நடப்பது அதுதான், அச்சு நின்றுபோகும். ஆகவே மோட்டாரை இயக்கும் டிரைவர் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்காதீர்கள், நின்றுபோகும்போது எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். எல்லோரும் முதலில் வாங்கும் சிவப்பு நிற எல்.298 பலகை ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். டி.பி.6612 அதைவிடச் சிறியது, வோல்ட்டைத் தின்னாது. ஒரு பக்கத்துக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர், நொடிப்பொழுதுக்கு 3.2 ஆம்பியர் தாங்கும். அதில் ஸ்டேண்ட்பை என்றொரு கால், அதாவது வயர் இணைக்கும் முனை, உண்டு. அதற்கு 5 வோல்ட் கொடுக்க மறந்தால் மோட்டார் அசையவே அசையாது. பலகை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் காலை மறந்தவர்கள்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். ரோபோ எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பதற்கு மோட்டார் மட்டும் பொறுப்பல்ல, ரப்பர் தரையைப் பற்றும் அளவும் அதன்மேல் அழுந்தும் எடையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. சுத்தமான நல்ல ரப்பர், தன்மேல் இருக்கும் எடைக்கு நிகராகத் தள்ளும் என்று வைத்துக்கொள்வோம். 500 கிராம் ரோபோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 250 கிராம். சக்கரத்தின் ஆரம் ஒன்றரை சென்டிமீட்டரானால் மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை, அதாவது அச்சைச் சுழற்றும் பலம், 250 பெருக்கல் ஒன்றரை, அதாவது 375 கிராம்-சென்டிமீட்டர். அதைவிடக் கூட்டினால் சக்கரம் வழுக்கிச் சுற்றும், அவ்வளவுதான்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிற பி.ஓ. (பேட்டரியில் ஓடும்) கியர் மோட்டாரோடு 65 மில்லிமீட்டர் சக்கரம் ஒன்றும் வரும். அதன் ஆரம் 3.25 சென்டிமீட்டர், பெருக்கினால் 812 கிராம்-சென்டிமீட்டர். 6 வோல்ட்டில் அந்த மோட்டார் நின்றுபோகும் எல்லையே ஏறக்குறைய 800. அதாவது முட்டிய கணத்திலேயே மூச்சு நின்றுவிடும். மோட்டாரை மாற்ற வேண்டாம், சக்கரத்தைச் சிறியதாக்குங்கள், அதே மோட்டார் உயிர்பெறும். பொம்மையின் கியர்பாக்ஸுக்கும் இதே வைத்தியம்தான். கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்றால் என்20 வகைச் சிறு கியர் மோட்டார் வாங்குங்கள்: 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று, முறுக்குவிசை ஒரு கிலோ-சென்டிமீட்டருக்குக் குறையாமல். சென்னையில் ரிச்சி தெருவில் இவையெல்லாம் ஒரே நடையில் கிடைக்கும்.

கணக்கில் எடையும் வருகிறது அல்லவா? 350 கிராமில் ரோபோ செய்துவிட்டு லேசாக இருக்கிறது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. 495 கிராம் வரை ஏற்றுங்கள். மீதி 5 கிராமை விடுவது, போட்டி நடத்துபவரின் தராசு உங்கள் தராசு போல இருக்காது என்பதற்காக. டயர் கடைகளில் வீல் பாலன்ஸ் செய்ய ஒட்டும் எடைத் துண்டுகள் 5 கிராம், 10 கிராம் அளவுகளில் வரும், அவை போதும். சக்கர அச்சுக்கு நேர் மேலே ஒட்டுங்கள். முன்னால் ஒட்டினால் எதிரியைத் தள்ளும் முன்பலகைதான் தரையில் அழுந்தும், சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். பொம்மையோடு வந்த பிளாஸ்டிக் சக்கரத்தின்மேல் சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய வளையத்தை இழுத்து மாட்டினால் முதல் போட்டிக்குத் தாராளம். பசை தடவலாமா என்று கேட்கக் கூடாது. ரோபோவைத் தாள்மேல் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள், தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் வெளியேற்றம்.

அடுத்தது மின்சாரம். சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மறந்துவிடுங்கள், மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய பென் டார்ச் செல், அதாவது டபுள் ஏ அளவு நிக்கல் செல், 6 போட்டால் 7.2 வோல்ட். எடை 160 கிராமைத் தாண்டும். எப்படியும் எடை ஏற்றத்தானே வேண்டும்! லித்தியம் பாலிமர் பேட்டரி இதைவிட வேகம் தரும்தான். ஆனால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். முட்டி மோதும் போட்டிக்கு, அதுவும் தொடங்குபவர்களுக்கு, அது வேண்டாம் என்பதே என் கட்சி.

அந்த 5 நொடி வில்லன் இப்போது வருகிறான். எதிரியோடு முட்டி நிற்கும்போது மோட்டார்கள் மின்சாரத்தை உறிஞ்ச, பேட்டரியின் வோல்ட் சட்டென்று சரியும். ரோபோவின் மூளையாக நாம் வைக்கும் ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை அணைந்து மறுபடி உயிர்பெறும். உயிர்பெற்றதும் உங்கள் நிரலின் முதல் வரி என்ன? 5 நொடி காத்திரு. எதிரி தள்ளிக்கொண்டு போக, உங்கள் மல்லன் விதியை மதித்துக் கைகட்டி நிற்பான். இதற்கு மருந்து வயரிங்கில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கும் நானோவுக்கும் தனித்தனி வயர் இழுங்கள். நானோவின் வழியில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடும் அதன் பின்னால் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். வோல்ட் சரியும் கணத்தைக் கெப்பாசிட்டர் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட சிறு செராமிக் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்யுங்கள். மோட்டாருக்குள் உரசும் தூரிகை எழுப்பும் மின் இரைச்சலும் நானோவைக் குழப்பக்கூடியதுதான்.

விளிம்பைப் பார்க்க முன்மூலைகள் இரண்டிலும் டி.சி.ஆர்.டி.5000 சென்சார், தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரத்தில். அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை வைத்துக் கறுப்பா வெள்ளையா என்று அது சொல்லும். மேடை விளக்கிலும் வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. அதனால் சென்சாரைச் சுற்றிக் கறுப்பு டேப்பால் மறைப்புக் கட்டுங்கள். கறுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று போட்டி நடக்கும் களத்திலேயே அளந்து நடு எண்ணை வையுங்கள். வீட்டில் பெயின்ட் அடித்த பலகையின் கறுப்பு அங்கே செல்லாது.

30 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்றில் சுற்றினால் ரோபோ நொடிக்கு முக்கால் மீட்டருக்கு மேல் போகும். அந்த வேகத்தில் வெள்ளைப் பட்டையைக் கடக்க 32 மில்லி நொடிதான் ஆகும். எதிரியைத் தேட எல்லோரும் வைக்கும், ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரோ, எதிரொலி வராவிட்டால் சுமார் 38 மில்லி நொடி காத்திருக்கும். நிரலும் கூடவே காத்திருந்தால், எதிரியைத் தேடிக்கொண்டே ரோபோ தானாகக் கீழே விழும். எதிரொலி வர ஆகும் நேரத்தை அளக்கும் பல்ஸ்-இன் கட்டளையில் காத்திருப்பு எல்லையை 5000 மைக்ரோ நொடியாக வையுங்கள். 80 சென்டிமீட்டர் தூரம் ஒலி போய்த் திரும்ப அது போதும். நிரலை நிறுத்தி வைக்கும் டிலே கட்டளை, தொடக்கத்து 5 நொடியைத் தவிர வேறெங்கும் வரக் கூடாது. ஷார்ப் நிறுவனத்தின் அகச்சிவப்புத் தூர சென்சார் நிரலை நிறுத்தி வைக்காது. ஆனால் 10 சென்டிமீட்டருக்குள் எதிரி வந்துவிட்டால் தூரத்தில் இருப்பதுபோல் பொய் சொல்லும், ஆகவே அதை உடலின் பின்பக்கமாகத் தள்ளிப் பொருத்த வேண்டும்.

நிரலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளை தெரிந்தால் பின்வாங்கித் திரும்பு. தெரியாவிட்டால், எதிரி தெரிகிறானா பார், தெரிந்தால் முழு வேகத்தில் முட்டு. அதுவும் இல்லையென்றால் சுழன்று தேடு. இந்த வரிசை மாறக் கூடாது.

போட்டிக்குக் கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியவை: மாற்று செல் ஒரு செட், மாற்று மோட்டார் ஒன்று, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ட்யூப் வளையம் நாலைந்து, கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய பருத்தித் துணி. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் சக்கரத்தைத் துடைத்துவிட்டுக் களத்தில் வையுங்கள். வைத்த பிறகு மறுபடி கையில் எடுக்க நடுவர் விடமாட்டார்.

வணக்கம்.